ரைசன் 7 7700, பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ: செட்டிநாட்டுக் கோடையில் ஓட்டிப் பார்த்தது

பிராசசர் ஏஎம்டி ரைசன் 7 7700. கூலர் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. இந்த இரண்டையும் போட்டு வீட்டிலேயே கட்டிய கம்ப்யூட்டர், இந்த வருஷக் கோடை முழுவதும் கோட்டையூரில், ஏசி இல்லாத அறையில், தினமும் பல மணி நேரம் முழுச் சுமையில் ஓடியது. வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம் என்பேன். இதைவிட வேகமானது கடையில் இருந்தும் ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்பதையும் சொன்னால்தான் உங்கள் வேலைக்கு இது சரிப்படுமா என்று தெரியும்.

என் வேலை, பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றிக் கொடுப்பது. 1980களின் கடைசியிலும் 90களிலும் இந்தப் பக்கம் நடந்த கல்யாணங்கள், அறுபதாம் சாந்திகள் எல்லாம் விஎச்எஸ் கேசட்டில்தான் இருக்கின்றன. அந்தக் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் இப்போது சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். விடுமுறைக்கு வரும்போது வீட்டைத் திறந்து, பெட்டகத்தைக் குடைந்து, பை நிறையக் கேசட் கொண்டு வருகிறார்கள். "திருப்பூட்டு (தாலி கட்டும்) நேரத்துல அப்பத்தா பக்கத்துல நிப்பாங்க, அதை மட்டும் எப்படியாவது தெளிவா எடுத்துக் கொடுங்கண்ணே" என்று கேட்பவர்கள் அதிகம். அப்பத்தாவின் முகம் அசையும் ஒரே பதிவு அந்தக் கேசட்டாக இருக்கும்போது அரைகுறையாக மாற்றிக் கொடுக்க எனக்கு மனசு வராது. பிராசசர் தேர்வு ஆரம்பித்ததே அங்கேதான்.

கேசட்டை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதற்குப் பெரிய பிராசசர் எதுவும் வேண்டாம். மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடும், மணிக்கு 30 ஜிபி அளவில் ஹார்டு டிஸ்க்கில் சேரும். சுமை அதற்கு அப்புறம்தான். நம் நாட்டு விஎச்எஸ் எல்லாம் பால் (PAL) என்ற வீடியோ முறை. 576 வரி, நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பிரிந்து கிடக்கும். பழைய குழல் டிவியில் அது தெரியாது. இன்றைய டிவியில் போட்டால், நாதஸ்வரக்காரர் லேசாகத் தலையை ஆட்டினாலே ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிப் பிரிந்து தெரியும்.

இந்தப் பாதிகளை நொடிக்கு 50 முழுப் படமாக்கிக் கொடுக்க கியூடிஜிஎம்சி என்று ஒரு இலவச ஸ்கிரிப்ட் இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்து, எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்று கணக்குப் போட்டு, விடுபட்ட வரிகளை நிரப்பும். அந்தக் கணக்கில் பெரும்பகுதி பிராசசரில்தான் நடக்கிறது. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் பெரிய லாபம் இல்லை. அதன் பிறகு எச்.265 என்ற வீடியோ வடிவமாகச் சுருக்குவதையும் நான் பிராசசரிலேயே செய்கிறேன். கிராபிக்ஸ் கார்டு வேகமாகச் சுருக்கும், ஆனால் விஎச்எஸ் மாதிரிப் புள்ளி நிறைந்த படத்துக்கு, அதே ஃபைல் அளவில் பிராசசர் சுருக்கியதுதான் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. மூன்று மணி நேரக் கேசட் என்றால் 5,40,000 படம். பிராசசரின் எட்டு கோரும் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 16 த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்) நிமிஷ ஓய்வு இல்லாமல் ஓட வேண்டும்.

முன்பு வைத்திருந்தது நான்காம் தலைமுறை ஐ5, நாலு கோர். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு கேசட்டைப் போட்டால் மறுநாள் மதியம் தாண்டித்தான் முடியும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அந்தப் பழைய பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. மாற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அண்ணன் மகன் காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். நண்பர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்துப் பழகியவன். "ஐ7-14700கே போட்டுருங்க சித்தப்பா. 20 கோர். மேல 360 எம்எம் வாட்டர் கூலர் வச்சுட்டா சூட்டைப் பத்திக் கவலையே இல்ல" என்றான். வேகத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. எட்டுப் பெரிய கோர், 12 சின்ன கோர், 28 த்ரெட். என் வேலையை 7700ஐவிடச் சீக்கிரம் முடித்துவிடும். ஆனால் முழுச் சுமையில் அதற்கு இன்டெல் போட்டிருக்கும் உச்ச அளவு 253 வாட்.

அந்த 253 வாட்டும் எங்கே போகும் என்று பாருங்கள். பிராசசருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் சூடாக மாறி வெளியே வரும். வாட்டர் கூலர் வைத்தாலும் அந்தச் சூட்டைப் பிராசசரிலிருந்து எடுத்து அறைக்குள்தான் விடும். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வெளிவரும். அப்படியானால் 14700கே முழு மூச்சில் ஓடும்போது அறையில் கூடுதலாக இரண்டரை ஆள் இருப்பதற்குச் சமம். மே மாதம் மூன்று மணிக்கு என் அறைக்குள் தெர்மாமீட்டர் 36 காட்டுகிறது. வெளியே 39.

அந்த மூன்று டிகிரி வித்தியாசம் இந்த வீடுகளைக் கட்டியவர்களின் கைத்திறன். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான மேல்தளம், நடுவில் வானம் பார்த்த வளவு, காலுக்கடியில் ஆத்தங்குடிக் கல். சூடான காற்று மேலே ஏறி முற்றத்து வழியாகப் போய்விடும். ஆனால் இதே உயரமும் திறப்பும் ஏசிக்கு ஒத்து வராது. பாதிக் குளிர்ச்சி அந்த உயரத்தை நிரப்பவே போய்விடும், மீதி கதவிடுக்கில் போய்விடும். ஆகவே என் அறைக்கு ஏசி கிடையாது, போடுவதாகவும் இல்லை. அறை தன்னால் வெளியேற்றக்கூடிய சூட்டுக்குள் கம்ப்யூட்டர் நின்றுகொள்ள வேண்டும். பிராசசரை வேகத்தை வைத்துத் தேடாமல் வாட்டை வைத்துத் தேட ஆரம்பித்தேன்.

கரண்ட் பில்லைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதில் நியாயமாகப் பேச வேண்டும். 253 வாட் பிராசசர் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓய்வெடுக்கும், அதனால் ஒரு கேசட்டுக்கு ஆகும் யூனிட்டில் வித்தியாசம் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. யுபிஎஸ்தான் எனக்குப் பெரிய விஷயம். கேசட் பதிவாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பதிவு வீண். பூஞ்சை பிடித்துப் பக்குவமாகச் சுத்தம் செய்த நாடாவை மறுபடி ஓட்டுவது அதற்கு நல்லதல்ல. அதனால் கேசட்டை ஓட்டும் விசிஆரும் கம்ப்யூட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில். 600 விஏ யுபிஎஸ் என்றால் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். 14700கே, மதர்போர்டு, டிஸ்க், மானிட்டர், விசிஆர் எல்லாம் சேர்ந்தால் அதற்குள் அடங்குவது கஷ்டம். 7700 வைத்த கம்ப்யூட்டர் முழுச் சுமையில் சுவரிலிருந்து இழுப்பது 150 வாட்டைச் சுற்றித்தான். 1,000 விஏ யுபிஎஸ் போட்டிருக்கிறேன், கரண்ட் போனால் நிதானமாக வேலையை நிறுத்தி மூட நேரம் கிடைக்கிறது.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய் நிலையின்மை வந்ததை 2024இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. திருத்தம் போட்ட பிறகு வாங்குபவர்கள் பயப்படத் தேவையில்லை. பழைய சரக்கில் வாங்குபவர்கள் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

சரி, ஏஎம்டி பக்கம். பெட்டியில் எழுதியிருக்கும் டிடிபி (நிறுவனம் குறிப்பிடும் வெப்ப அளவு) எண்ணும் பிராசசர் உண்மையில் இழுக்கும் வாட்டும் ஒன்றல்ல. ஏஎம்4, ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பொருந்தும் பிராசசர்களில் டிடிபியை 1.35ஆல் பெருக்கினால் வருவதுதான் சாக்கெட் வழியாகப் போகும் உச்ச அளவு. அதற்குப் பிபிடி என்று பெயர். 65 வாட் என்று போட்டிருந்தால் 88. 105 என்றால் 142. இதைத் தெரிந்துகொண்டால் 7700க்கும் 7700எக்ஸுக்கும் உள்ள உறவு புரிந்துவிடும். இரண்டும் எட்டு கோர், 16 த்ரெட், 32 எம்பி எல்3 (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்). எக்ஸ் உள்ளது 105 வாட், இல்லாதது 65 வாட். 54 வாட் கூடுதலாக இழுத்து எக்ஸ் தரும் கூடுதல் வேகம், தொடர்ந்து எல்லா கோரும் ஓடும் வேலையில் பத்து சதவீதத்துக்கும் கீழே. என் கேசட் ஒன்றுக்கு அது கால் மணி நேரம் அளவில். அந்தக் கால் மணி நேரத்துக்காக அறையில் இன்னொரு பாதி ஆளை உட்கார வைக்க எனக்கு இஷ்டமில்லை. கடையில் எக்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். பயாஸில் ஈகோ மோடு என்று ஒன்று உண்டு, 65 வாட் தேர்ந்தெடுத்தால் அதுவும் 7700 மாதிரியே நடந்துகொள்ளும்.

2024இல் வந்த 9700எக்ஸ் அடுத்த தலைமுறை, அதுவும் 65 வாட். நான் வாங்கிய நேரத்தில் விலை கணிசமாக அதிகம், பெட்டியில் கூலரும் வராது. அதே ஏஎம்5 சாக்கெட்தான், பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. பத்து வருஷம் ஒரே மதர்போர்டில் ஓட்ட நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது முக்கியம்.

இனி கூலர்.

யூடியூபில் வரும் கூலர் விமர்சனங்களில் பெரும்பாலானவை 21, 22 டிகிரி அறையில் செய்தவை. "68 டிகிரிதான் போகிறது" என்று அவர்கள் சொல்வது அந்த அறைக்கு உண்மை. எந்தக் காற்றுக் கூலரும், எந்த வாட்டர் கூலரும், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் கூலரின் திறமை. ஆகவே அவர்கள் எண்ணிலிருந்து அவர்கள் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு, உங்கள் அறையின் மே மாத வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 22 டிகிரி அறையில் 68 என்றால், 36 டிகிரி அறையில் 82. விமர்சனத்தில் அறை வெப்பம் சொல்லாமல் வெறும் எண் கொடுத்தால் அதை நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

7700 பெட்டியிலேயே ரெய்த் பிரிசம் என்ற கூலர் வருகிறது. கனமானது, அடியில் செம்புக் குழாய்கள் உண்டு, கலர் விளக்கு எரியும், காற்றை நேரே கீழே மதர்போர்டை நோக்கி ஊதும். இலவசமாக வரும் கூலர்களில் நல்லது என்று தயங்காமல் சொல்வேன். டிசம்பர், ஜனவரியில் அதை வைத்தே வேலை பார்த்தேன். 80களின் நடுவில் நின்றது. கோடையின் தொடக்கத்தில் அறை 35ஐத் தொட்ட ஒரு மதியம், கேசட் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 93, 94க்குப் போய், ஃபேன் முழு வேகத்தில் கத்தியது. 95 டிகிரி வரை இந்தப் பிராசசர் ஓடலாம் என்று ஏஎம்டியே வரம்பு வைத்திருக்கிறது, அதனால் எரிந்துபோகும் என்ற பயம் இல்லை. ஆனால் வரம்பை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4.8 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஓடியது 4.6க்கு இறங்கியது. அதைவிடச் சத்தம்தான் பெரிய தொந்தரவு. கேசட்டின் ஒலியை ஹெட்போன் போட்டுக் கேட்டுத்தான் இரைச்சலை நீக்குகிறேன். பக்கத்தில் ஃபேன் கத்தினால் அந்த வேலை நடக்காது.

88 வாட்டுக்கே ஏன் இவ்வளவு சூடு என்று கேட்கலாம். கோர்கள் உள்ள சில்லு ரொம்பச் சின்னது, பரப்பு 70 சதுர மில்லிமீட்டர் அளவுதான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து அத்தனை வாட்டும் மேலே ஏற வேண்டும். மேலே உள்ள உலோக மூடியும் தடிமன். பழைய ஏஎம்4 கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக அந்த உயரத்தை அப்படியே வைத்தார்கள்.

பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ இரட்டைக் கோபுரக் கூலர். ஆறு ஹீட் பைப், இரண்டு 120 எம்எம் ஃபேன், உயரம் 155 எம்எம். ஹீட் பைப் பார்க்க வெறும் செம்புக் கம்பி மாதிரி இருக்கும், உள்ளே அது குழாய். காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி தகடுகள் இருக்கும் முனைக்குப் போய்க் குளிர்ந்து தண்ணீராகி, குழாயின் உள்சுவரில் உள்ள செம்புத் துகள் திரியின் வழியாக அடிக்குத் திரும்பி வரும். மோட்டார் கிடையாது, தேயும் பாகம் கிடையாது.

மாட்டுவது சுலபம். ஏஎம்5 மதர்போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளை நாலு ஸ்குரூ கழற்றி எடுத்துவிட்டு, கூலரோடு வரும் உலோகப் பட்டைகளை வைக்க வேண்டும். பின்பக்கத் தகடு சாக்கெட்டோடு பிடித்திருப்பதால் விழாது. ஏஎம்4இல் அது நழுவி விழும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் முடுக்க வேண்டும். நடு ஃபேனைக் கழற்றிவிட்டு நீளமான ஸ்குரூடிரைவரால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அடித்தளம் சாய்வாக உட்காரும். மூடியின் ஓரத்தில் வெட்டுகள் இருக்கும், அங்கே சின்னச் சின்ன மின்பாகங்கள் தெரியும். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் கொஞ்சம் அதில் வழிந்தாலும் மின்சாரம் கடத்தாத பேஸ்ட்டாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

வாங்குவதற்கு முன் இரண்டு அளவைப் பாருங்கள். கேபினட் எத்தனை எம்எம் கூலரைத் தாங்கும் என்பது ஒன்று, 160க்கு மேல் என்றால் நிம்மதி. முன் ஃபேன் ராம் (நினைவகக் குச்சி) மேல் நிற்கும் என்பது மற்றொன்று. உயரமான, விளக்கு எரியும் ராம் போட்டால் ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டும், அப்போது மொத்த உயரமும் கூடும். குட்டையான ராம் வாங்கினேன், இடிக்கவில்லை.

எனக்குக் கூரியரில் வந்த பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, நாலைந்து தகடு வளைந்திருந்தது. பழைய பிளாஸ்டிக் அட்டையைத் தகடுகளுக்கு நடுவில் விட்டு மெதுவாக நிமிர்த்தினேன். குளிர்ச்சியில் வித்தியாசம் இல்லை. ஹீட் பைப் நெளிந்திருந்தால்தான் திருப்பி அனுப்ப வேண்டும், தகடு வளைந்ததற்காக அல்ல.

பலன் எப்படி? அறை 29 டிகிரி இருக்கும் காலை நேரத்தில், தொடர்ந்து ஓடும் கேசட் வேலையில் பிராசசர் 69, 70. அறை 36க்குப் போகும் மே மாத மதியத்தில் 76ஐச் சுற்றி. ஃபேன் 1,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிறது. அதன் உச்சம் 1,550 சுற்று, அங்கே போக வேண்டிய அவசியம் வரவில்லை. மேலே சுழலும் சீலிங் ஃபேனின் சத்தத்துக்குள் இது அடங்கிவிடுகிறது. முன்பு ராத்திரியிலிருந்து மறுநாள் மதியம் தாண்டியும் ஓடிய கேசட், இப்போது நாலு மணி நேரத்துக்குள் முடிகிறது.

360 எம்எம் வாட்டர் கூலர் வைத்திருந்தால் இன்னும் நாலைந்து டிகிரி குறைந்திருக்கும். அதற்காக நாலு மடங்கு விலை கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அதில் பம்ப் இருக்கிறது, பம்ப் ஒருநாள் நிற்கும். மூடிய அமைப்புதான் என்றாலும் ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறையும், சூடான இடத்தில் அது இன்னும் வேகம். பம்ப் நின்றால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும், கோட்டையூரில் அன்றைக்கே கிடைக்காது. இந்தக் கூலரில் ஃபேன் நின்றால் எந்த 120 எம்எம் ஃபேனையும் அதே கம்பிக் கிளிப்பில் மாட்டி மறுபடி ஓட்டலாம். அதுவும் இரண்டு ஃபேன் இருப்பதால், ஒன்று நின்றாலும் மற்றது அன்றைய கேசட்டை முடித்துக் கொடுக்கும்.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது பிராசசரைவிட முக்கியம். செம்மண் காற்று ஒருபக்கம். பழைய சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்புப் பொடி ஒருபக்கம். வளவு திறந்திருப்பதால் ஆடி மாதக் காற்றில் என்னென்ன வருமோ அத்தனையும் உள்ளே வரும். கேபினட்டின் முன்னால் காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் மூன்று, பின்னால் வெளியேற்றுவது ஒன்று. உள்ளே வருவது அதிகமாக இருந்தால் காற்று இடுக்குகள் வழியாக வெளியேதான் கசியும், அந்த இடுக்குகள் வழியாகத் தூசி உள்ளே நுழையாது. வருவதெல்லாம் முன்பக்க வலையில் நிற்கும், வலையைக் கழற்றி உதறினால் போதும். கூலர் தகடுகளுக்கு ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கை புளோவர் சரியாக இருக்கிறது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும், ஃபேன் மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி மின்சாரத்தைத் திருப்பி மதர்போர்டுக்கு அனுப்பவும் வாய்ப்புண்டு.

கேபினட்டைத் தரையில் வைக்க வேண்டாம். ஆத்தங்குடித் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கும் வீடுகள் இவை. அரையடி உயர மரப்பலகை மேல் வைத்திருக்கிறேன், அடியில் உள்ள பவர் சப்ளையும் காற்றுக் குடிக்கும். மர பீரோவுக்குள் அடைத்து வைப்பது கூடவே கூடாது. பின்னால் கூடுதல் கார்டு மாட்டுவதற்காகத் திறந்திருக்கும் பிசிஐ ஓட்டைகளுக்கெல்லாம் தகடு போட்டு அடைத்துவிடுங்கள், பல்லிக்காகத்தான். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து பிறர் கொண்டுவந்த கம்ப்யூட்டர்களில் செத்த பல்லியை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். பவர் சப்ளைக்குள் போய்விட்டால் அதன் உயிரோடு பவர் சப்ளையும் போகும்.

பயாஸில் செய்தவை கொஞ்சம்தான். முதல்முறை ஆன் செய்ததும் சில நிமிஷம் திரை கருப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ராமை அது பழகிக்கொள்ளும் நேரம், பயந்து அணைத்துவிட வேண்டாம். ராம் இரண்டு குச்சி மட்டும் போடுங்கள், நாலு போட்டால் வேகம் வெகுவாக இறங்கும். கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 15 வைத்தேன். பிராசசர் ஒவ்வொரு வேகத்துக்கும் எடுக்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் அமைப்பு அது. 88 வாட் வரம்பு அப்படியே இருப்பதால் சூடு குறையவில்லை, அதே வாட்டில் வேகம் சற்றுக் கூடியது. எல்லாச் சில்லும் மைனஸ் 15ஐத் தாங்கும் என்று சொல்ல முடியாது. மாற்றிய பிறகு ஒரு முழுக் கேசட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் வேலையை அதில் போடுங்கள். உச்சக் கோடையில் சில நாள் மதியம் பிபிடியை 65க்கு இறக்கி ஓட்டினேன். வேகம் பத்து சதவீதம் அளவில் குறைந்தது, சூடு 70க்குக் கீழே வந்தது. எனக்குப் பிடித்த அமைப்பு அதுதான், அடுத்த ஏப்ரலிலிருந்தே அப்படி வைக்கப் போகிறேன்.

விலை. பிராசசரைப் போன தீபாவளிக்கு முன்பு, சென்னை ரிச்சி தெருவில் 26,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வாங்கினேன். பல்லவன் ரயிலில் காலையில் காரைக்குடியில் ஏறினால் மதியம் சென்னை, ஒரு சுற்றுச் சுற்றி விலை கேட்டுவிட்டு மறுநாள் திரும்பிவிடலாம். கூலர் 4,000 ரூபாய்க்குள். கேபினட், யுபிஎஸ் இரண்டையும் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். யுபிஎஸ்ஸைக் கடைக்காரரே கொண்டுவந்து, விசிஆரையும் சேர்த்துச் சுமை போட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார். எடை கூடிய, பழுது வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய சாமான்களை ஊர்க் கடையில் வாங்குவதுதான் நல்லது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பதால், இப்போது கட்டுபவர்களின் மொத்தச் செலவு என்னுடையதைவிடக் கூடும்.

ட்ரே பிராசசர் என்று பெட்டி இல்லாமல் ஆயிரம், இரண்டாயிரம் குறைத்துத் தருவார்கள். ஒரு கடையில் எனக்கும் அதைத்தான் முதலில் எடுத்து வைத்தார்கள். பெட்டியோடு வாங்கினால் ஏஎம்டியின் மூன்று வருஷ வாரண்டி உண்டு. ட்ரேயில் வாங்கியதற்கு விற்றவர்தான் பொறுப்பு, அவரை வாரண்டிக்காகத் தேடிச் சென்னை போய்வர ஆகும் செலவு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

என் தேர்வு எல்லோருக்கும் ஒத்து வராது. புதுக் கேமராவில் எச்.265 ஆக எடுத்த 4கே 4:2:2 10 பிட் (நிறத் தகவல் கூடுதலாக உள்ள) வீடியோவை வெட்டி ஒட்டும் கல்யாண வீடியோக்காரர்களுக்கு, பிராசசருக்குள்ளேயே வீடியோவை விரிக்கும் இன்டெல்லின் குயிக் சிங்க் கைகொடுக்கும், 7700க்குள் இருக்கும் கிராபிக்ஸ் அந்த வகை வீடியோவை விரிக்காது. அவர்கள் பெயர் முடிவில் கே இல்லாத ஐ5 எடுத்து, பயாஸில் வாட் வரம்பு வைத்துக்கொள்ளலாம். பிளெண்டரில் முப்பரிமாணப் படம் செய்பவர்கள் பிராசசரில் மிச்சம் பிடித்து கிராபிக்ஸ் கார்டில் போடட்டும். பட்ஜெட் குறைவு என்றால் ரைசன் 5 7600. ஆறு கோர், அதே 65 வாட், அதே சாக்கெட். அதற்கு இரட்டைக் கோபுரம் தேவையில்லை. நாலு ஹீட் பைப், ஒரு ஃபேன் உள்ள டீப்கூல் ஏகே400 போதும், ஆயிரம் ரூபாய் குறைவு. பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் மட்டும் வேண்டாம். அது ஹீட் பைப் இல்லாத வெறும் அலுமினியக் கட்டி, டைப் அடிக்கவும் பில் போடவும் சரி, ஏப்ரல் மதியத்தில் வீடியோ சுருக்குவதற்குத் தாங்காது.

கேசட்டைப் பதிவு மட்டும் செய்துவிட்டு மீதி வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். என் பழைய நாலு கோர் ஐ5 இப்போது இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் அந்த வேலையை மட்டும் செய்கிறது, கூடவே வந்த சின்ன கூலரோடு, எந்தக் குறையும் இல்லாமல்.